திரைச்சீலைக்கு அங்கால்

மகளின் செய்தி வந்தபோது மனைவி வேலையில் இருந்தாள். நான் குசினியில் நின்று தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. ஆங்கிலத்தில் சில வரிகள். ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ண் வர முடிந்தால் வாருங்கள், பதினொரு மணிக்கு இந்தக் கோப்பிக் கடையில் சந்திக்கலாம், தயவுசெய்து எதுவும் கொண்டுவர வேண்டாம். கீழே கடையின் விலாசம். அம்மா என்றோ அப்பா என்றோ ஒரு சொல் இல்லை. இலக்கம்கூட எங்களிடம் இல்லாத புதிய இலக்கம். ஆனாலும் அவள்தான்.

இரண்டு வருடங்களுக்கு மேலாக அவளிடமிருந்து எங்களுக்கு எதுவும் வந்ததில்லை.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. சிட்னியில், பென்டில் ஹில்லில் வளர்ந்தவள். பார்மசி படித்து முடித்ததும் மெல்பேர்ணில் வேலை கிடைத்தது. போன புதிதில் ஒவ்வொரு நாளும் பேசுவாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் தனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அதற்குப் பிறகு போன் இலக்கத்தை மாற்றிவிட்டாள். அந்த மின்னஞ்சலை நான் வாசித்துக் காட்டியபோது மனைவிக்கு விளங்கவில்லை. "என்ன இடம்? அவளுக்கெண்டு தனி அறை இருந்ததுதானே" என்றாள். அந்த அறையை அதற்குப் பிறகு அவள் இன்னும் ஒழுங்காகக் கூட்டித் துடைத்து வைத்தாள்.

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யாரோ ஒரு பொடியன் இருக்கிறான், வீட்டில் சொல்லப் பயப்படுகிறாள் என்றார்கள். மன அழுத்தம் என்றார்கள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் இப்படித்தான் என்றார்கள். நாங்களும் இருந்து யோசித்தோம். என்ன சொன்னோம், எப்போது சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்று வருடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம். அவளுடன் படித்த ஒரு பெண்ணை மனைவி பலசரக்குக் கடையில் கண்டபோது, "அவ நல்லா இருக்கிறா அன்ரி, வேலைக்குப் போறா" என்று மட்டும் அந்தப் பிள்ளை சொல்லிவிட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அன்று பின்னேரம் மனைவி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் போனை நீட்டினேன்.

"உண்மையா அவள்தானோ?"

"ஓம்."

"வேற ஆரும் விளையாடீனமோ தெரியாது."

"இல்லை. அவள்தான். ஒண்டும் கொண்டுவர வேண்டாமாம்."

"ஒண்டுமோ?"

"ஒண்டும்."

குனிந்து செருப்பைக் கழற்றினாள். "சரி. அவள் சொன்னபடியே செய்வம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் மகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தோம். அங்கே கண்ட ஒருவருக்கும் பயணத்தைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. ஞாயிறு விடியக் காலை விமானம் ஏறினோம். பின்னேரமே திரும்பி வர டிக்கெட். மனைவி காற்சட்டையும் ஒரு நீலக் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தாள். சேலை உடுத்தால் மகளுக்கு வெட்கமாக இருக்கும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். கையில் ஒரு சின்னக் கைப்பை மட்டும். எங்கே புறப்பட்டாலும் இரண்டு கையிலும் எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறவள், அன்று வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

கோப்பிக் கடை ட்ராம் ஓடும் வீதியின் மூலையில் இருந்தது. நாங்கள் நேரத்தோடு போய்விட்டோம். வாசலைப் பார்க்கும்படியான மேசையை மனைவி தேர்ந்தெடுத்தாள். மூன்றாவது கதிரையில் என் மழைச்சட்டையைப் போட்டேன், அதை எடுத்து என்னிடமே தந்தாள். "அவள் வந்து இருக்கோணும்" என்றாள்.

கதவு திறக்கும் போதெல்லாம் அவள் பாதி எழும்பினாள். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வந்த பெண்ணிடம், மகள் வந்ததும் சொல்கிறோம் என்றாள். அந்தப் பெண் இரண்டாம் முறை வந்தாள். மூன்றாம் முறை வரவில்லை. பக்கத்து மேசைகளில் ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போய், வேறு ஆட்கள் வந்தார்கள். மதியமாகிவிட்டது. வெளியே மழை தூறத் தொடங்கியது. அப்போதுதான் போன் அதிர்ந்தது.

நான் வாசித்துவிட்டு மனைவியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடாமல், "தமிழில சொல்லுங்கோ" என்றாள்.

"அவளால வர ஏலாதாம். மன்னிக்கட்டாம்."

"காய்ச்சல், வருத்தம் ஏதுமோ?"

"வருத்தமெண்டு சொல்லேல்லை. வீட்டைத் தேடிக்கொண்டு வர வேண்டாமாம்."

அவளுடைய வீடு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அவள் வந்தவள்" என்றாள்.

"என்ன?"

"வந்து ரோட்டுக்கு அங்கால நிண்டு எங்களைப் பாத்திருப்பாள். பாக்காமல் போயிருக்க மாட்டாள்."

அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது, அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கோ அதைவிடக் கொடுமையாக ஒன்றையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ட்ராம் நிறுத்தத்தில் எங்கள் பிள்ளை நிற்கிறாள். கண்ணாடிக்கு உள்ளே வெறுங்கையோடு அம்மா இருப்பதைப் பார்க்கிறாள். பார்த்த பிறகும் திரும்பிப் போகிறாள். அவள் வராமல் வீட்டிலேயே படுத்திருந்திருக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

எழும்பிப் போகலாம் என்றேன். மனைவியால் எழும்ப முடியவில்லை. முதியோர் இல்ல வேலையில் நோயாளிகளைத் தூக்கித் திருப்பி அவளுடைய இடுப்பு நாரி எப்போதோ பழுதாகிவிட்டது. அவ்வளவு நேரம் அந்தக் கதிரையில் இருந்ததில் அது பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்தபடி அரைவாசி குனிந்த நிலையில் நின்றுவிட்டாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் குளிசைகளில் இரண்டை விழுங்கினாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். விமானத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மழை பலத்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் அவள் ஒரு கடை வாசலில் நின்றாள். கண்ணாடிக் கதவில் தாய்லாந்து மசாஜ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு சின்னப் புத்தர் சிலைக்கு முன்னால் செவ்வந்திப் பூ வைத்திருந்தார்கள்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் இப்படியான கடைகளைப் பற்றி ஆண்கள் சிரித்துக் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

"இதுக்குள்ளயோ?"

"நாரிக்குத்தானே. என்னால இனி ஒரு அடி வைக்க ஏலாது" என்றாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவள் எங்கள் வயதுக்காரி. மனைவி நிற்கிற நிலையைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்து சப்பாத்துகளைக் கழற்ற உதவினாள். நான் வெளிக் கதிரையில் இருக்கிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செய்யலாம், இடம் இருக்கிறது என்றாள்.

"நீங்களும் வாங்கோ. இங்க இருந்து எதைப் பாக்கப் போறியள்?" என்றாள் மனைவி.

எங்கள் கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்தார்கள். இடுப்பில் முடிந்துகொள்கிற தொளதொளத்த பருத்தி உடுப்புத் தந்தார்கள். மாடியில் ஒரு நீள அறை. நிலத்தில் இரண்டு மெத்தைப் பாய்கள், நடுவில் மேலிருந்து தொங்கும் ஒரு திரைச்சீலை. தைல மணம். அங்கால் மனைவி படுத்தாள், அந்த வயதானவள் அவளோடு போனாள். இங்கால் என்னிடம் ஒரு இளம் பெண் வந்தாள்.

என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் என்னைத் தொட்டதில்லை. அவள் என் பாதத்தில் தொடங்கினாள். உள்ளங்கையால் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து மெல்ல மெல்லக் காலில் ஏறினாள். பிறகு என் காலைத் தூக்கி மடக்கப் பார்த்தாள். அவள் தூக்குமுன் நானே தூக்கிக் கொடுத்தேன்.

"உதவி செய்ய வேண்டாம்" என்றாள். "காலை என்னிடம் விடுங்கள்."

விட்டேன் என்று நினைத்தேன். அவள் தன் கையை எடுத்தாள். கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் சிரித்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். கையைப் பிடித்தாலும் அதே கதைதான், கழுத்தைப் பிடித்தாலும் அதே கதைதான். விடுங்கள், விடுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு விட வரவில்லை.

அப்போது திரைக்கு அங்கால் பேச்சுக் கேட்டது. மனைவியின் ஆங்கிலமும் அந்தப் பெண்ணின் ஆங்கிலமும் ஒரே மாதிரி உடைந்தவை. அதனால் இருவருக்கும் மற்றவர் சொல்வது நன்றாக விளங்கியது.

"ஹாலிடேயா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாம். சிட்னியிலிருந்து. மகள் இங்கே இருக்கிறாள்."

"நல்லது. மகள்தான் மசாஜுக்கு அனுப்பினாளா?"

பிறகு மனைவியின் குரல் வந்தது. "ஆமாம். மகள்தான் அனுப்பினாள். அம்மாவுக்கு இடுப்பு வலி, போய்ச் செய்யுங்கள் என்றாள்."

நான் திரைச்சீலைப் பக்கம் தலையைத் திருப்பினேன்.

"நல்ல மகள்."

"மிகவும் நல்ல மகள். பார்மசிஸ்ட். இன்றைக்கு லீவு எடுத்திருக்கிறாள். வீட்டில் சமைக்கிறாள்."

"என்ன சமைக்கிறாள்?"

"நண்டுக் கறி. அப்பாவுக்கு விருப்பம் என்று. நண்டு உடைக்கப் பயம் அவளுக்கு. சின்ன வயதில் ஓடிவிடுவாள். இப்போது எல்லாம் தானே செய்கிறாள். என்னைக் குசினிக்குள் விடமாட்டாள். அம்மா, நீங்கள் போய் இருங்கள் என்பாள்."

குசினி என்ற சொல்லை மட்டும் தமிழில்தான் சொன்னாள். அந்தப் பெண் அது என்ன என்று கேட்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு போய் அவளை நிறுத்த வேண்டும் போலிருந்தது. நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. மனைவி தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனாள். மகளின் வீட்டில் ஒரு சின்னப் பால்கனி இருந்தது. அதில் கறிவேப்பிலைச் செடி ஒன்று, மெல்பேர்ண் குளிருக்குப் பிழைக்காது என்று இரவில் அதை உள்ளே எடுத்து வைக்கிறாள். நாங்கள் வந்தால் தன் கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு அவள் சோபாவில் படுக்கிறாள். காலையில் வேலைக்குப் போகுமுன் அம்மாவின் தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். எல்லாம் தயங்காமல் வந்தது. அது அந்தக் கணத்தில் உண்டானதில்லை. இரண்டு வருடமாக அவள் அதைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

என்னை அழுத்திக்கொண்டிருந்த இளம் பெண்ணும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னைக் குப்புறத் திரும்பச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "உங்கள் மகள் நண்டு சமைக்கிறாளா?"

அங்கால் பேச்சு நின்றது.

"ஓம்" என்றேன். அவளுக்கு அது விளங்காது என்று நினைவு வந்து, "யெஸ்" என்றேன். "நல்ல உறைப்பாகச் சமைப்பாள்."

அதைச் சொன்ன பிறகு என் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டேன். அவள் முழங்காலை ஊன்றி என் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் இறங்கினாள். எனக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எங்கோ ஒரு வீட்டில் நண்டு கொதிக்கிறது, இங்கிருந்து எழும்பிப் போனால் சாப்பிடலாம் என்று வயிறு நம்பியது. அந்த நம்பிக்கை எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது. அது போனபோது வந்த வெறுமையை எனக்கு இப்போதும் எழுத வரவில்லை.

பிறகு திரைக்கு அங்காலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனைவி சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வயதானவள் அவளை எழுப்பி இருக்கவைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோக்கச் சொல்லி, பின்னாலிருந்து இழுத்து முதுகை வளைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதே போல எனக்கும் பிறகு செய்தார்கள். மனைவியின் நெஞ்சிலிருந்து நீளமாக ஒன்று வெளியே வந்தது. அது நின்றதும் இன்னொன்று.

"கூடிவிட்டதா? மெதுவாகச் செய்யவா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை. இன்னும் பலமாகச் செய்யுங்கள்" என்றாள் மனைவி.

கீழே வந்ததும் சின்னக் கிண்ணங்களில் இஞ்சித் தேநீர் தந்தார்கள். மனைவியின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் நிமிர்ந்து நின்றாள். அந்த வயதானவள் அவளுடைய கையைப் பிடித்து, மகளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றாள் மனைவி. நாங்கள் வீதிக்கு வந்தோம். நடக்கும்போது எதிரே ட்ராம் நிறுத்தத்தில் நின்றவர்களை நான் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விமான நிலையத்தில் ஆளுக்கொரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டோம். "அந்த மனுசியின்ர கை நல்ல கை" என்றாள். "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் புதிய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தோம். முதலில் மணி போனது, யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை. நானாகச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். மனைவி பொங்கலுக்கும் மகளின் பிறந்தநாளுக்கும் இப்போதும் என்னிடம் ஒரு வரி அனுப்பச் சொல்வாள்.

சிட்னியில் மனைவி மாதம் ஒருமுறை தாய்லாந்து மசாஜுக்குப் போகத் தொடங்கினாள். வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். நாரிக்குச் சுகமாக இருக்கிறது என்றாள். நான் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காருக்குள் இருப்பேன், ரேடியோ கேட்பேன். உள்ளே போய்ப் பாயில் கிடக்க எனக்கு இனி மனமில்லை. அவள் அங்கே என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. போன தடவை விட்டுவந்த குடையையும் கேட்கலாம் என்று உள்ளே போனேன். மேசையில் இருந்த பெண் என்னைப் பார்த்து, அந்த அம்மாவின் கணவரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"வாழ்த்துக்கள். தாத்தா ஆகப் போகிறீர்கள்" என்றாள். "மகளுக்கு அடுத்த மாதம்தானே?"

அந்த நேரம் மனைவி உள்ளிருந்து தலைமயிரைச் சரிசெய்தபடி வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"தாங்க் யூ" என்றேன் நான். "எங்களுக்கு மிகவும் சந்தோசம்."

உள்ளே இருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து சிரித்தார்கள். ஒருத்தி, குழந்தை பிறந்ததும் மகளுக்கு வயிற்றில் கட்டுவதற்குத் தங்கள் ஊர் மூலிகை கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். மனைவி அவளுடைய கன்னத்தைத் தொட்டு நன்றி சொன்னாள். குடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

காரில் ஏறினோம். நான் எஞ்சினைப் போடவில்லை.

"அந்தக் கடைக்கு இனிப் போக ஏலாது" என்றாள்.

"ஏன்? நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அடுத்த மாசம் பிள்ளை பிறக்கோணும். பிறகு படம் காட்டச் சொல்லிக் கேப்பினம்."

கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அவ்வளவு நாளும் என் கண்முன் அழாதவள் அப்போது அழுதாள். மகளுக்காக அழுதாளா, பிறக்காத அந்தப் பிள்ளைக்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய முழங்காலில் கையை வைத்தேன். அவள் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை.

இப்போது வேறு கடை. கெல்லிவில் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம். முதல் தடவை போனபோது இறங்குமுன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஆரும் கேட்டால் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கோணும். இந்தக் கடையில அவள் இன்னும் யூனியில படிக்கிறாள்."

"எத்தினையாம் வருசம்?"

"முதலாம் வருசம்" என்றாள். "வீட்டில எங்களோடதான் இருக்கிறாள்."

அவள் உள்ளே போய்க் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காரை நிழலுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டேன்.